சிறு போத்தலும் ஒரு லட்சம் பாக்டீரியாவும்



கிளினிக்கில் தாதி உங்கள் கையில் மூடி போட்ட ஒரு சிறு பிளாஸ்டிக் போத்தலைக் கொடுத்து, சிறுநீர் பிடித்து வரச் சொல்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. போத்தலைக் கைக்குட்டையில் மறைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்து உட்காருகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் மருத்துவர் அழைக்கிறார். “சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று இருப்பதுபோல் தெரிகிறது” என்று மருந்து எழுதித் தருகிறார். “மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். முடிவு வர மூன்று நாளாகும்” என்றும் சொல்கிறார்.

என் நான்காம் படிவ மாணவி ஒருத்திக்கு இப்படித்தான் நடந்தது. மறுநாள் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். “டீச்சர், அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டாங்க. அப்புறம் எதுக்கு மூணு நாள்?” நல்ல கேள்வி. மூன்றாம் நாள் முடிவு வந்தபோது இன்னொரு புதிரும் சேர்ந்துகொண்டது. தாளில் ‘பாக்டீரியா வளர்ச்சி இல்லை’ என்று இருந்தது. அவளுக்கோ எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆய்வுக்கூடம் தவறு செய்துவிட்டதா? அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். விடையைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் உறுப்புகள். இரண்டு சிறுநீரகங்கள், அவற்றிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்கள், சிறுநீர்ப்பை, அங்கிருந்து வெளியே போகும் ஒரு குழாய். இவ்வளவுதான் சிறுநீர்ப் பாதை. இதில் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் முதலிடம் எஸ்செரிச்சியா கோலி என்ற பாக்டீரியாவுக்கு. சுருக்கமாக ஈ. கோலி. இது எங்கிருந்தோ வந்த அந்நியன் அல்ல. உங்கள் குடலிலும் என் குடலிலும் இப்போதும் இருக்கிறது. 1885இல் தியோடோர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்து இதை விவரித்தார். குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தராது. ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து நகர்ந்து சிறுநீர்க் குழாய்க்குள் ஏறினால்தான் வம்பு. பெண்களுக்கு அந்தக் குழாயின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் அளவு. கிருமிக்குப் பெண் உடலில் பயணத் தூரம் ஐந்தில் ஒரு பங்குதான். இந்த நோய் பெண்களை அதிகம் பிடிப்பதற்கு முக்கியக் காரணம் உடலமைப்பு. சுத்தம் இல்லாதவர்களுக்குத்தான் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வெட்கப்படவும் வேண்டாம்.

சிறுநீர் வேகமாக வெளியேறும்போது குழாயைக் கழுவிக்கொண்டு போகிறது. அதனால் அடக்கி வைப்பது கிருமிகளுக்குச் சாதகம். பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் காலை ஏழரை முதல் பிற்பகல் இரண்டு வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். படிக்கிற காலத்தில் நானும் அப்படி இருந்தவள்தான். திட்டமாட்டேன்.

ஐந்து நிமிடச் சோதனை

கிளினிக்கில் நடந்தது சோதனைப் பட்டை என்ற நீளமான பிளாஸ்டிக் துண்டின் வேலை. அதில் வரிசையாகச் சிறு கட்டங்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேதிப்பொருள். சிறுநீரில் நனைத்து எடுத்து, ஓரிரு நிமிடம் கழித்து நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவார்கள். நமக்கு இங்கே முக்கியமானவை இரண்டு கட்டங்கள்.

ஒன்று நைட்ரைட் கட்டம். நாம் உண்ணும் கீரை, காய்கறிகளிலிருந்து வரும் நைட்ரேட் சிறுநீரில் இயல்பாகவே இருக்கும். ஈ. கோலி போன்ற பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்து நைட்ரைட் ஆக்கிவிடும். வேதியியல் பாடத்தில் படிக்கும் ஒடுக்க வினைதான் இது. பட்டையில் உள்ள பொருள் நைட்ரைட்டோடு சேர்ந்து இளஞ்சிவப்புச் சாயமாக மாறும. இந்த வினையின் மூலத்தைக் கண்டவர் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானிய வேதியியலர். இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே சாயங்களை ஆராய்ந்தவர் அவர். மற்றொன்று வெள்ளை அணுக் கட்டம். கிருமியோடு போராட வரும் வெள்ளை அணுக்களில் எஸ்டரேஸ் என்ற நொதி உண்டு. அது இருந்தால் அந்தக் கட்டம் ஊதாவாகும்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மீதி வேலை எதற்கு? பட்டை சில நேரம் ஏமாற்றும் என்பதால்தான். நைட்ரேட்டை நைட்ரைட்டாக்க பாக்டீரியாவுக்கு நேரம் வேண்டும். சிறுநீர்ப்பையில் நான்கு மணி நேரமாவது தங்கியிருந்த சிறுநீரில்தான் அது நன்றாகத் தெரியும். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைக் கேட்பது இதனால்தான். நோயாளியோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓடிக்கொண்டிருப்பார்! என்டெரோகோக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்களுக்கு நைட்ரேட்டை மாற்றவே தெரியாது. வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிட்டிருந்தாலும் நிறம் வராமல் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கிருமி இருக்கலாம் என்று மட்டும்தான் பட்டை சொல்லும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

அடுப்பங்கரையிலிருந்து வந்த தட்டு

ஆய்வுக்கூடத்தில் மாதிரி முதலில் சந்திப்பது அகார் ஊற்றிய வட்டத் தட்டை. அகார் என்றால் வேறொன்றுமில்லை. பெருநாள்களிலும் பிறந்தநாள்களிலும் பச்சை, சிவப்பு நிறங்களில் வெட்டி அடுக்கி வைப்பார்களே, அதே அகார்-அகார்தான். உலகம் முழுவதும் நுண்ணுயிரியலர்கள் சொல்லும் இந்தச் சொல் மலாய்ச் சொல். அது ஆய்வுக்கூடத்துக்குப் போன கதை கேட்க வேண்டிய கதை.

1881 வாக்கில் ராபர்ட் கோக்கின் பெர்லின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் வேலை செய்தார். அப்போது கிருமிகளை ஜெலட்டின் கூழில் வளர்த்தார்கள். கோடையில் அது உருகி ஓடியது. போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே தின்று நீராக்கிவிட்டன. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே செய்யும் ஜெல்லி மட்டும் கோடையிலும் கெட்டியாக நின்றது. எப்படி என்று கணவர் கேட்டார். சிறுவயதில் ஃபேனியின் வீட்டுக்குப் பக்கத்தில் ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பத்தார் இருந்தனர். அவர்களிடம் கற்றது என்றார். அகார் ஏறத்தாழ 85 பாகையில்தான் உருகும், குளிர்ந்து 40 பாகைக்குக் கீழே வரும்போதுதான் உறையும். உடல் வெப்பமான 37 பாகையில் கல்லாக நிற்கும். மிகச் சில பாக்டீரியாக்களால்தான் அதைச் செரிக்க முடியும். மறுவருடம் காசநோய்க் கிருமியைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார், ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால் உங்களுக்குப் பெயரோடு சொல்லிவிட்டேன்.

இப்போது நம் மாதிரிக்கு வருவோம். தொழில்நுட்பர் ஒரு மெல்லிய கம்பியின் நுனியிலுள்ள வளையத்தைச் சிறுநீரில் முக்கி எடுக்கிறார். அந்த வளையம் சரியாக 1 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே தூக்கும்படி செய்யப்பட்டது. அதைத் தட்டின் மேல் இழுத்துப் பரப்பி, 35 முதல் 37 பாகை வெப்பமுள்ள பெட்டிக்குள் 18 முதல் 24 மணி நேரம் வைப்பார். தட்டில் விழுந்த ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகிப் பெருகி, மறுநாள் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொட்டாகிவிடும். இதைக் காலனி என்பார்கள். பொட்டுகளை எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை பாக்டீரியா என்று வந்துவிடும். 150 பொட்டு என்றால் 150,000.

ஏன் எண்ண வேண்டும்? இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதாதா? போதாது. தோலிலும் குழாயின் வாய்ப்பகுதியிலும் எப்போதும் பாக்டீரியாக்கள் உண்டு. எவ்வளவு சுத்தமாகப் பிடித்தாலும் சில போத்தலுக்குள் விழுந்துவிடும். தொற்று உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்க ஓர் எல்லைக் கோடு தேவைப்பட்டது. 1950களில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் எட்வர்டு காஸ் என்ற மருத்துவர் பெண்கள் பலரின் மாதிரிகளை எண்ணிப் பார்த்தார். சிறுநீரகத் தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சமும் அதற்கு மேலும் இருந்தது. வெளியிலிருந்து விழுந்தவை பொதுவாக அதைவிட மிகக் குறைவு. அந்த ஒரு லட்சம் என்ற எண்தான் இன்றும் ஆய்வுக்கூடங்களின் அளவுகோல். ஆனால் அதைச் சுவர் என்று நினைத்துவிடாதீர்கள். எரிச்சலும் வலியும் உள்ள பெண்ணுக்கு ஆயிரம் இருந்தாலே தொற்றாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் பிற்பாடு அறிந்தார்கள். எண்ணை நோயாளியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

போத்தல் உங்கள் கையில் இருக்கும்போது

எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்றால், அந்த எண்ணிக்கையைக் கெடுக்கக்கூடிய முதல் ஆள் யார் தெரியுமா? நீங்கள்தான்.

முதலில் வரும் சிறுநீர், வாய்ப்பகுதியில் உள்ள பாக்டீரியாக்களை அடித்துக்கொண்டு வரும். அதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நிறுத்தாமல் நடுப்பகுதியைப் போத்தலில் பிடித்து, கடைசியை மறுபடியும் கழிப்பறையில் விட வேண்டும். தாதி இதைச் சொல்லித்தான் அனுப்புவார். நாம்தான் வெட்கத்தில் காதில் வாங்குவதில்லை. போத்தலின் உட்புறத்திலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக்கூடாது. வீட்டிலுள்ள பழைய ஜாம் போத்தலைக் கழுவிக் கொண்டுபோவது கூடவே கூடாது.

அடுத்தது நேரம். நம் ஊர் வெயிலுக்கு இது மிக முக்கியம். சிறுநீர் பாக்டீரியாவுக்கு நல்ல உணவு. கிள்ளானில் உள்ள ஒருவர் காலை 6 மணிக்கு வீட்டில் மாதிரி பிடிக்கிறார் என்று வையுங்கள். அவருக்குத் தொற்று இல்லை. தோலிலிருந்து விழுந்த பாக்டீரியா மில்லிலிட்டருக்கு வெறும் 1,000. போத்தலைக் காரில் வைத்துக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்குக்கு வருகிறார். வாகனம் நிறுத்த இடம் தேடி, எண் எடுத்து, காத்திருந்து கொடுக்கும்போது 9.30 ஆகிவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை பாக்டீரியா இரட்டிப்பாகிறது என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம் (நல்ல சூழலில் ஈ. கோலி 20 நிமிடத்திலேயே இரட்டிப்பாகும்). 6.30க்கு 2,000. ஏழு மணிக்கு 4,000. ஏழரைக்கு 8,000, எட்டுக்கு 16,000, எட்டரைக்கு 32,000, ஒன்பதுக்கு 64,000. ஒன்பதரைக்கு 128,000! நோயே இல்லாதவர் காகிதத்தில் நோயாளி ஆகிவிட்டார். தேவையில்லாத மருந்தும் சாப்பிடுவார்.

அதனால்தான் மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் 4 பாகைக் குளிரில் வைக்க வேண்டும் என்று விதி. அங்கே பெருக்கம் ஏறத்தாழ நின்றுவிடும், ஒரு நாள்வரை தாங்கும். சில போத்தல்களில் போரிக் அமிலத் தூள் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். கேரம் பலகையில் காய் வழுக்க நம் அண்ணன்மார் தூவுவார்களே, அதே தூள்தான். அது பாக்டீரியாவைக் கொல்லாமல் பெருகவிடாமல் மட்டும் பிடித்து வைக்கும். அப்படித் தூள் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். அழுக்கு என்று நினைத்துக் கழுவியவர்களும் உண்டு.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள்

முதல் நாள் இரவு தட்டில் வளர்ந்த பொட்டுகளின் நிறமும் பேசும். சிறுநீருக்கென்றே தயாரிக்கும் ஒருவகை அகாரில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியும் இருக்கும். ஈ. கோலி லாக்டோஸை உண்டு அமிலம் வெளியிடும். உடனே அந்த இடம் மஞ்சளாகும். லாக்டோஸை உண்ணாத பாக்டீரியா மஞ்சளாக்காது. லிட்மஸ் தாளில் நீங்கள் பார்த்த அதே தத்துவம். ஒரே வகைப் பொட்டு நிறைய இருந்தால் தொற்று என்று சந்தேகம் வலுக்கும். மூன்று நான்கு வகை கலந்து கிடந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து விழுந்த கலப்படம். அப்போது ‘கலப்பு வளர்ச்சி, மறு மாதிரி அனுப்பவும்’ என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டாம் நாள் வேலைதான் உச்சம். ஐந்தாம் படிவ அறிவியலில் நுண்ணுயிர்கள் பாடம் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. சந்தேகப்பட்ட பொட்டைத் தொட்டு, குறிப்பிட்ட கலங்கல் அளவுக்கு உப்புநீரில் கரைத்து, புதிய அகார்த் தட்டு முழுவதும் பூசுவார்கள். அதன்மேல் வெவ்வேறு நுண்ணுயிர்க்கொல்லி ஊறிய சின்னச் சின்னக் காகித வட்டங்களை வைப்பார்கள். மறுபடியும் ஓர் இரவு வெப்பப் பெட்டியில். பாக்டீரியா தட்டில் புல்தரைபோல் வளர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த இடத்தில் மட்டும் காகிதத்தைச் சுற்றித் தெளிந்த வட்டம். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். உலகெங்கும் ஒரே மாதிரி செய்ய இந்த முறையை 1966இல் சீர்ப்படுத்தியவர்கள் அமெரிக்காவின் பாவரும் கெர்பியும் அவர்களின் குழுவினரும். முடிவுத் தாளில் மருந்தின் பெயருக்கு நேரே ‘எஸ்’ என்றிருந்தால் கிருமி அடங்கும், ‘ஆர்’ என்றிருந்தால் எதிர்த்து நிற்கும்.

பெரிய மருத்துவமனைகளில் இன்று இந்த வேலையின் பகுதியை இயந்திரங்கள் செய்கின்றன. ஆனால் அவற்றுக்கும் பெரும்பாலும் முதலில் வளர்ந்த ஒரு பொட்டு வேண்டும். பாக்டீரியாவை அவசரப்படுத்த முடியாது. வளர்க்க ஓர் இரவு, மருந்தோடு மோதவிட இன்னோர் இரவு, வண்டியில் போய்வர ஒரு நாள். மாணவி கேட்ட மூன்று நாளின் கணக்கு இதுதான். அதுவரை மருத்துவர் கைகட்டி இருப்பதில்லை. இந்த வட்டாரத்தில் பொதுவாக எது வேலை செய்கிறதோ அந்த மருந்தைக் கொடுத்து வைப்பார். தாளில் அதற்கு நேரே ‘ஆர்’ வந்தால் மாற்றுவார்.

இந்த ‘ஆர்’ எழுத்து எவ்வளவு பெரிய செய்தியைக் கொண்டுவரும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். 2008இல் ஸ்வீடனில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் ஒருவர் புது டில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு நாடு திரும்பினார். அங்கே அவர் சிறுநீரை இப்படித்தான் வளர்த்துப் பார்த்தார்கள். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. வேறு எதுவும் கேட்காதபோது எடுக்கும் கடைசிக் கட்ட மருந்துகளான கார்பபெனெம்களுக்கும் அது அடங்கவில்லை. மருந்தை உடைக்கும் புதிய நொதி ஒன்றை அது வைத்திருந்தது. அதற்கு என்.டி.எம்-1 என்று பெயர். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயனும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து தேடியபோது சென்னையில் மட்டும் அப்படிப்பட்ட 44 பாக்டீரியா மாதிரிகள் கிடைத்தன. இங்கிலாந்திலும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒருவர் கொடுத்த சிறுநீர்ப் போத்தல்.

நம் நாட்டில் 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகம், மருத்துவமனை ஆய்வுக்கூடங்கள் அனுப்பும் இத்தகைய முடிவுகளைத் திரட்டி, எந்தக் கிருமி எந்த மருந்தை எதிர்க்கிறது என்று நாடு தழுவிய கண்காணிப்பு நடத்துகிறது. உங்கள் போத்தலின் முடிவும் அப்படி ஓர் எண்ணாகச் சேரலாம்.

மாணவியின் புதிருக்கு விடை

‘வளர்ச்சி இல்லை’ என்று ஏன் வந்தது? கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள். கிளினிக்குக்குப் போவதற்கு முந்தின நாள், அக்காவுக்கு எப்போதோ கொடுத்து மிச்சம் வைத்திருந்த மாத்திரைகளில் இரண்டைப் போட்டுக்கொண்டாளாம். அம்மாதான் எடுத்துக் கொடுத்தாராம், நல்லெண்ணத்தில். இந்த மருந்துகள் பல சிறுநீரிலேயே செறிவாக வெளியேறும். போத்தலில் இருந்த மருந்து, போத்தலில் இருந்த பாக்டீரியாவை அடக்கிவிட்டது. அகாரில் எதுவும் முளைக்கவில்லை. அவள் உடம்பில் இருந்தவை எல்லாம் சாகவில்லை, அரை அடி வாங்கி மிச்சம் இருந்தன. ஆய்வுக்கூடம் போத்தலில் இருந்ததைச் சரியாகத்தான் சொன்னது. மருத்துவரிடம் இதைச் சொன்னதும் அவர் கடிந்துகொள்ளவில்லை. மறுபடி மாதிரி எடுத்தார். இம்முறை ஈ. கோலி வளர்ந்தது. அக்காவின் மாத்திரைக்கு நேரே ‘ஆர்’ இருந்தது. அவளுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். எரிச்சலோடு குளிர்க்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகு வலி, வாந்தி வந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். அன்றே வீட்டில் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான்.

பயிற்சி

1. ஒரு மைக்ரோலிட்டர் வளையத்தால் பரப்பிய தட்டில் 230 பொட்டுகள். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை பாக்டீரியா? காஸ் வகுத்த எல்லையைத் தாண்டுகிறதா?

2. மில்லிலிட்டருக்கு 500 பாக்டீரியா உள்ள மாதிரி, அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பானால் எத்தனை மணி நேரத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும்? (எட்டு முறை இரட்டிக்க வேண்டியிருக்கும்.)

3. ஒருவருக்கு எரிச்சல் இருக்கிறது, பட்டையில் வெள்ளை அணுக் கட்டம் ஊதாவாகிறது, நைட்ரைட் கட்டம் மட்டும் நிறம் மாறவில்லை. மூன்று காரணங்கள் எழுதுங்கள். மூன்றும் இந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன.